முன்மொழிபவர் கையெழுத்து யாருடையது?

சென்ற மாதம் ஒரு தம்பி எங்களை அழைத்தார். அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எம்.எஸ். முடித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. மூக்கு, சைனஸ் சிறப்பு மருத்துவர்களுக்கான சங்கம் ஒன்றில் சேர விண்ணப்பம் எடுத்து வைத்திருக்கிறார். அதில் இரண்டு இடங்கள் மட்டும் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. ஒன்று முன்மொழிபவர் கையெழுத்து. இன்னொன்று வழிமொழிபவர் கையெழுத்து. இருவருமே ஏற்கெனவே அந்தச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.

"பணத்தைக்கூட ரெண்டு மாசத்துல புரட்டிடுவேன்ணா. இந்தக் கையெழுத்தை யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார்.

ஒரு மூத்த மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். அவர் அன்பாகத்தான் பேசினாராம். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று மூன்று கேள்விகள். பிறகு "அப்புறம் பார்க்கலாம்". அதற்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை.

கடைசியில் தம்பி சொன்னார்: "அது அவங்க கிளப்புண்ணா. நமக்கு எதுக்கு?"

எந்தச் சங்கம் என்று பெயர் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பிரச்சினை ஒரு சங்கத்தோடு முடிவதில்லை. ஆனால் "நமக்கு எதுக்கு" என்ற கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் வெறுப்பில் வருவதுபோல் தோன்றும். உண்மையில் அது களைப்பில் வருகிறது. நுழைவுத் தேர்வில் போராடி, விடுதியில் போராடி, வாய்மொழித் தேர்வில் போராடி வெளியே வந்த பிள்ளைக்கு இன்னொரு வாசலில் நிற்கத் தெம்பில்லை. அதைப் புரிந்துகொண்டுதான் எங்கள் பதிலைச் சொல்கிறோம்: சேர வேண்டும். கட்டாயம் சேர வேண்டும். ஏன் என்று விளக்குகிறோம்.

பட்டத்துக்குப் பிறகு வரும் படிப்பு

மருத்துவம் படிக்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். முகத்தின் எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் உண்டு. அவைதாம் சைனஸ். நெற்றிக்குள், கன்னத்துக்குள், இரு கண்களுக்கு நடுவே, மண்டையோட்டின் அடியில் என்று பல அறைகள். கண்ணுக்கும் சைனஸுக்கும் இடையே இருக்கும் எலும்புத் தகடு அவ்வளவு மெல்லியது, லத்தீனில் அதன் பெயரே காகிதத் தகடு. மேலே கொஞ்சம் தவறினால் மூளை. பக்கவாட்டில் கொஞ்சம் தவறினால் பார்வை நரம்பு.

இந்த இடத்தில் எண்டோஸ்கோப் வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை 1980களில் பரவியது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் மெஸ்ஸர்க்ளிங்கரும் அவருக்குப் பின் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவில் கென்னடியும் அதை வளர்த்தார்கள். அது பரவியது புத்தகத்தால் மட்டும் அல்ல. பயிற்சி முகாம்களால், ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றதால் பரவியது. இன்றும் அப்படித்தான். எம்.எஸ். படிப்பில் ஒரு மாணவருக்கு எத்தனை அறுவை சிகிச்சை தனியாகச் செய்யக் கிடைக்கும் என்பது அவர் துறையைப் பொறுத்தது, துறைத் தலைவரைப் பொறுத்தது, சில இடங்களில் வேறு எதையோ பொறுத்தது. மிச்சக் கைத்திறனை அவர் பயிற்சி முகாமிலும், சடலப் பயிற்சியிலும், ஃபெல்லோஷிப்பிலும்தான் பெற வேண்டும். இவற்றில் பெரும்பகுதி சங்கங்களைச் சுற்றியே நடக்கிறது.

யார் மேடையில் பேசுவது, எந்தக் கட்டுரை அச்சாவது, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை முறை என்று வழிகாட்டு நெறி எழுதுவது, ஃபெல்லோஷிப்புக்குப் பரிந்துரைப்பது எல்லாமே இங்கே. அமெரிக்காவில் மூக்கு மருத்துவர் சங்கம் 1954இல் தொடங்கியது, ஐரோப்பாவில் 1963இல். இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறையின் அறிவு சங்கங்களின் கூட்டங்களில்தான் உருவாகி வந்திருக்கிறது.

இப்போது நம் நிலையைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். இடத்துக்கு இடஒதுக்கீடு உண்டு. எம்.எஸ். இடத்துக்கு உண்டு. அதற்கு மேலே போகப் போகக் கதவு சாத்தப்படுகிறது. மருத்துவ உயர்சிறப்புத் துறைகளில் இடஒதுக்கீடு உகந்ததல்ல என்ற பார்வை 1992 இந்திரா சஹானி தீர்ப்பிலேயே வந்துவிட்டது. 1999 பிரீத்தி ஸ்ரீவஸ்தவா தீர்ப்பு அதை இன்னும் இறுக்கியது. சங்கங்கள் தனியார் அமைப்புகள். அங்கே இடஒதுக்கீடு என்ற பேச்சே எழாது. அரசியல் சட்டம் நம் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு உள்ள தூரத்தை அறிமுகம், பரிந்துரை, கையெழுத்து ஆகியவை முடிவு செய்கின்றன. நம் நாட்டில் அறிமுகம் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தாங்கள் வேறு மாதிரி நடத்தப்படுவதாக மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். அளவுகோல் எழுதிவைத்த தேர்விலேயே அந்தப் பாடு என்றால், அளவுகோலே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

பெயரில்லாத அந்தக் கைகள்

மூக்கு அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் சுஸ்ருதர் பெயர் வரும். நம் நாட்டுப் பெருமை என்று மாநாட்டு மேடைகளில் சொல்வார்கள். அதே வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1794 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராத்தியரைத் திப்புவின் படையினர் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு புனே அருகே ஒரு மனிதர் கவாஸ்ஜியின் நெற்றித் தோலை மூக்கின் அளவுக்கு வெட்டி, அடியில் இணைப்பை அறுக்காமல் கீழே திருப்பி வைத்து, புது மூக்கு செய்து தந்தார். குரூசோ, ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இந்தக் கடிதம் ஐரோப்பாவை உலுக்கியது. கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவர் இதைப் படித்துச் சடலங்களில் பழகி, 1814இல் தானே செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். இன்றைய பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இது.

நோயாளியின் பெயர் நமக்குத் தெரியும். பார்த்தவர்களின் பெயர் தெரியும். படித்துச் செய்தவரின் பெயர் தெரியும். மூக்கைச் செய்தவரின் பெயர்? அந்தக் கடிதத்தில் அவருக்குப் பெயர் இல்லை. செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதி இருக்கிறது. மண் பிசைந்த கைகள்தாம் உலகத்துக்கு இந்த வித்தையைக் காட்டின. அந்தக் கைகள் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்த இதழிலும் எழுதவில்லை. அதனால் திறமை எஞ்சியது, மனிதர் காணாமல் போனார். பெயர் எழுதப்படும் அறைக்குள் நாம் இருந்தாக வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

பார்ன்ஸ் செய்தது

"உள்ளே போனால் நாமும் அவர்களில் ஒருவராகிவிடுவோம்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம். இதற்குக் கறுப்பின மருத்துவர்களின் அனுபவம் பதில் சொல்கிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் பல பத்தாண்டுகள் தன் உள்ளூர்க் கிளைகள் கறுப்பின மருத்துவர்களை ஒதுக்கியதைக் கண்டும் காணாமல் இருந்தது. கிளையில் உறுப்பினர் இல்லை என்றால் பல மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்க்கவே முடியாது. சங்க உறுப்பினர் அட்டைதான் தொழில் செய்யும் உரிமையாக இருந்தது. கறுப்பின மருத்துவர்கள் 1895இல் தேசிய மருத்துவச் சங்கம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அந்தக் காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஹாரி பார்ன்ஸ் என்ற கறுப்பினக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருந்தார். 1927இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வாரியத்தின் சான்றிதழ் பெற்றார். அமெரிக்காவில் எந்தச் சிறப்பு வாரியத்திலும் சான்றிதழ் பெற்ற முதல் கறுப்பின மருத்துவர் அவர்தான். மூக்கின் வழியே சென்று, மண்டைக்கு அடியில் உள்ள சைனஸ் வழியாகப் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்ப்பதற்கு ஒரு கருவியையும் உருவாக்கினார். வெள்ளையர் நடத்திய வாரியத்தின் தேர்வில் உட்கார்ந்த அதே மனிதர் கறுப்பினத் தேசிய மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கறுப்பின மருத்துவர்கள் சிறப்புத் துறைகளுக்குள் வர வேண்டும் என்பதற்காகவே தனியாக ஓர் அமைப்பும் தொடங்கினார்.

நம் அமைப்பு, அவர்கள் சங்கம் என்று இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டிலும் நின்றார். அம்பேத்கரிய மருத்துவர் அமைப்புகளில் இருக்கும் நம் தோழர்களும் அப்படி நிற்க முடியும். நம் அமைப்பு முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் அந்தச் சங்கத்துக்குள் தனி ஆளாகக் கரையாமல் இருக்க முடியும்.

நம் மக்களின் மூக்கு

உள்ளே போய் என்ன செய்வது? எங்கள் வாதத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் மர நாற்காலிக்குப் பெயர்போனது. அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் உள்ளறைகளில் வரும் ஓர் அரிதான புற்றுநோயோடு தன்னிடம் வருபவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளிகளாக இருப்பதைக் கவனித்தார். 1968இல் ஆச்செசன், மேக்பெத் போன்றோருடன் சேர்ந்து அதை மருத்துவ இதழில் நிறுவினார். 1970இல் நார்தாம்ப்டன்ஷயர் செருப்பு, பூட்ஸ் தொழிலாளிகளிடமும் மூக்குப் புற்றுநோய் அதிகம் என்று ஆச்செசன் குழு காட்டியது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசு, தோல்தூசு இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. தோல்தூசால் வரும் புற்றுநோய் எங்கே வருகிறது? மூக்கிலும் சைனஸிலும்.

தோல்தூசு என்றதும் உங்களுக்கு எந்த ஊர்கள் நினைவுக்கு வருகின்றன? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. ஆக்ரா, கான்பூர். அங்கே தோலை வெட்டுபவர்கள், பஃபிங் மெஷினில் நிற்பவர்கள், ஷூ கம்பெனியில் அடிப்பாகம் தேய்ப்பவர்கள் யார்? பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். இந்தப் புற்றுநோய் தூசு பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து வரக்கூடியது. அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பார். மூக்கில் ரத்தம் வருகிறது, ஒரு பக்கம் அடைப்பு என்று வரும்போது, "முன்னே என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்கும் மருத்துவர் இல்லையென்றால் அவருடைய நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு எந்தக் காகிதத்திலும் ஏறாது. நஷ்டஈடும் கிடையாது.

குரோமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமேட் தயாரிக்கும் ஆலைகளிலும், குரோம் முலாம் பூசும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் புண் வந்து ஓட்டை விழுவது நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவம் அறிந்த உண்மை. குரோம் புண் நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அதைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 89ஆம் பிரிவு சொன்னது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுமேடு எத்தனை ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்தது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது நம் நெஞ்சைப் பிளக்கும் விஷயம். மலக்குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடும்போது அது நுகர்வு உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் சாவு மிக அருகில் இருக்கும் நேரம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். நுகர்வு உணர்வை அளக்கத் தெரிந்தவர்கள் மூக்கு மருத்துவர்கள். கொரோனா காலத்தில் வாசனை போவதைப் பற்றி உலகம் முழுக்க இந்தத் துறை ஆராய்ந்தது. பல ஆண்டுகள் சாக்கடைக் காற்றைச் சுவாசித்த ஒரு துப்புரவுப் பணியாளரின் நுகர்வு உணர்வு இன்று எப்படி இருக்கிறது? உங்கள் ஊர் நகராட்சியில் இந்தச் சோதனையை யாருக்காவது செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்மை நாற்றத்தோடு சேர்த்தே ஒதுக்கிய சமூகம் இது. அந்த நாற்றத்தை நம் மூக்குகள் சுமந்ததால் அவற்றுக்கு என்ன ஆனது என்று மாநாட்டு மேடையில் கேட்க வேண்டும். அதைக் கேட்க அந்தக் குழிகளையும் அந்த டேனரிகளையும் அறிந்த வீட்டிலிருந்து ஒருவர் அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஹாட்ஃபீல்ட் நாற்காலி செய்தவரில்லை, ஆனாலும் கேட்டார். காத்திருக்க நமக்கு நேரமில்லை என்றுதான் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை

ஒன்று. சேருவதற்கு முன் சங்கத்தின் விதிகளை முழுதாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் பதிவான சங்கம் என்றால் அது 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். பொதுக்குழு, கணக்கு, தேர்தல் எல்லாம் நடந்தாக வேண்டும். மேற்படிப்பு மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இணை உறுப்பினர் வகை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் படிக்கும்போதே சேர்ந்துவிடுங்கள்.

இரண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் நம் மூத்தவர்களே, இது உங்களுக்கு. ஐயா, அம்மா, நீங்கள் எத்தனை பட்டு உள்ளே போனீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அடையாளம் தெரிந்துவிடும் என்று சிலர் ஒதுங்கியிருப்பதும் தெரியும். அதற்காக உங்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு நீங்கள் மேடையேறி எதையும் அறிவிக்க வேண்டாம். பேனா போதும்.

மூன்று. ஆயுள் உறுப்பினர் கட்டணம் ஒருமுறை கட்டுவதுதான். ஆனால் கல்விக் கடனோடு வெளியே வரும் பிள்ளைக்கு அது பெரிது. நம் அமைப்புகள் ஏப்ரல் 14க்குப் பேனர் அடிக்கும் செலவில் ஒரு பங்கை எடுத்து இதற்கென ஒதுக்கலாம். அண்ணல் சொன்ன மூன்றில் அமைப்பாவதும் ஒன்று. அதைச் செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று.

நான்கு. உள்ளே போனதும் பின் வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கூப்பனோடு திரும்பிவிடாதீர்கள். பொதுக்குழுவுக்குப் போங்கள், வாக்களியுங்கள், ஒரு பதவிக்காவது நில்லுங்கள். உங்கள் புறநோயாளிப் பிரிவின் சீட்டில் தொழில் என்ற கட்டத்தை நிரப்பத் தொடங்குங்கள். அந்தச் சீட்டுகள் சேர்ந்தால் ஓர் ஆய்வுக் கட்டுரை ஆகும்.

ஐந்து. சங்கங்களிடம் நாம் கேட்க வேண்டியவை: முன்மொழிபவர் கிடைக்காதவருக்கு மாநில மருத்துவக் கவுன்சில் பதிவையே தகுதியாக ஏற்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி முகாம் கட்டணத்தில் சலுகை வேண்டும். மாநாட்டில் தொழில்சார் மூக்கு நோய்களுக்கு ஓர் அமர்வு வேண்டும். மேடையில் யார் யார் ஏறுகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அந்தத் தம்பிக்கு முன்மொழிபவர் கிடைத்துவிட்டார். தெற்கு மாவட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற நம் அம்மா ஒருவர், விவரம் கேட்டதும், "தபால்ல அனுப்பச் சொல்லுப்பா, போட்டுத் தர்றேன்" என்றார். ஊர் எது, தெரு எது என்று அவர் கேட்கவில்லை. வழிமொழிபவர் கையெழுத்து இன்னும் பாக்கி. இதைப் படிக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.

ஜெய்பீம்!